உலைநங்கையின் வலக்கை

அக்டோபர் 3, வியாழன்

முற்பகல் பதினொன்றரைக்குக் கூரியர் வந்தது. மேற்புறம் எதுவென்று அம்புக்குறி இட்டிருந்தும் பெட்டியைத் தலைகீழாகவே நீட்டினார் வந்தவர். நிமிர்த்திக் கொடுக்கும்வரை நான் கையெழுத்திடவில்லை.

"பொம்மதானே மேடம், அதுக்கா இவ்ளோ?" என்றார்.

பொம்மைதான். இருநூறே இருநூறு வார்க்கப்பட்டு, உள்ளங்காலில் எண் பொறிக்கப்பட்டு, பன்னிரண்டு அங்குல உயரத்தில் இருபத்தெட்டு மூட்டுகளோடு நிற்கும் பொம்மை. ஊரார் ஆக்‌ஷன் ஃபிகர் என்பார்கள். இவற்றுக்கு மதிப்புரை எழுதத் தொடங்கிய நாள்முதல் நான் 'அசையுருவம்' என்றே எழுதிவருகிறேன். இன்று என் இணையப் பக்கத்தைப் படிக்கும் பதினோராயிரம் பேரும் அப்படியே எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருத்தி கொடுத்த சொல் அது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வுருவத்தின் பெயர் உலைநங்கை. வடித்தவள் பெரம்பூரில் சிறு பட்டறை வைத்திருக்கும் ரெபேக்கா. நுண்கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவள். பிளாஸ்டிக் வார்ப்பாலையில், அச்சு விளிம்பில் வழிந்து உறைந்த பிசிரை வெட்டும் பெண்ணைப் போர்வீராங்கனையாக உருவகித்திருப்பதாக விளம்பரம் கூறுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பத்தொன்பது ஆண்டுகள், முதலில் பிசிர் வெட்டியும் பின்னர்ச் சரக்கைச் சோதித்துத் தள்ளியும் வாழ்ந்தவள் நான். வார்ப்பாலையை அவள் எந்தச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாளோ, அறியேன்.

நேர்மை கருதி ஒன்றைக் குறித்துவைக்கிறேன். நான்காண்டுகளுக்கு முன், நான் வடித்த களிமண் மாதிரி ஒன்றை அந்தப் பட்டறைக்கு வேலை கேட்டு அனுப்பியிருந்தேன். திருப்பி அனுப்பினார்கள். உடன் ஒரு சீட்டு: 'கைகள் மிக நன்று. மற்றவை இன்னும் வரவேண்டும்.' பச்சை மையில் ஆறு சொற்கள். அதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. மதிப்புரை வெளியாகும்வரை அத்தகைய தாள்களைப் படிப்பதில்லை என்பது என் நெறி. வடித்தவரின் வாய்ச்சொல் என் கண்ணை மறைக்கக் கூடாது. மடிப்பைக் கூடப் பிரிக்காமல் மூடிக்குள் செருகினேன்.

மாலை ரேஷன் கடை வரிசை. பாமாயில் வரவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

வீட்டு வேலைகளை முடித்துப் பத்து மணிக்கு ஆய்வில் அமர்ந்தேன்.

முகம்: குறை இல்லை. அதாவது, சொல்லத்தக்க குறையை நான் காணவில்லை. மேலாடையின் மடிப்பு: ஏற்கத்தக்கது. வண்ணம்: கழுத்தோரம் ஒரு மயிரிழை வழிந்திருக்கிறது என்று வாதிடலாம். முழங்கால், இடுப்பு: சீராகத் திரும்புகின்றன.

வலக்கை. கத்தியின் முதுகில் பெருவிரலை வைத்து, சுண்டுவிரலை மடக்காமல் விலக்கிப் பிடித்திருக்கிறாள் உலைநங்கை. சூடு தணியாத பிளாஸ்டிக்கில் பிசிர் வெட்டி விரல் பொசுங்கியவளுக்கே அந்தப் பிடி வரும். களிமண்ணில் அதை நான் வடித்தேன். நான் வடித்ததைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும்.

மணிக்கட்டைச் சுழற்றிச் சோதித்தேன். முறிந்தது.

ஒரு சோதனையாளர் செலுத்த வேண்டிய விசையையே செலுத்தினேன்.

வேலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "என்னா சத்தம் அது?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு டப்புன்னு கேக்குமா?"

முறிந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பது என் வழக்கம். இன்று வெளிச்சம் போதவில்லை.

அக்டோபர் 5, சனி

வெளிச்சம் இருந்தது. துவைக்க வேண்டிய துணி மிகுதி.

அக்டோபர் 6, ஞாயிறு

மதிப்புரையைக் காலை ஒன்பது மணிக்கு வெளியிட்டேன். நிறைவுப் பத்தியை இங்கே படியெடுத்து வைக்கிறேன். ஏனெனில் அது நன்றாக அமைந்தது.

'உழைப்பவளின் கையை வடிக்க விழைந்தோர், அக்கை ஒருமுறை திரும்பும் அளவுக்கேனும் உறுதி வாய்ந்த பொருளைத் தேர்ந்திருக்கலாகாதா? உலைநங்கையின் மணிக்கட்டு முதற்சுழற்சியிலேயே முறிந்து வீழ்ந்தது. கல்லூரிப் பட்டத்தால் கண்ணைப் பறிக்கலாம். மூட்டைத் தாங்க முடியாது. இதனை ஐயுறுவோர் தம்மிடமுள்ள உருவத்தின் மணிக்கட்டைத் தாமே திருகிப் பார்க்கலாம்.'

என் கணவர் இரத்தினவேல் கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவர், எழுத்தில் ஆர்வமற்றவர். இதை மட்டும் கைபேசியில் உரக்கப் படித்தார்.

"அந்தப் பொண்ணு உங்கிட்ட என்னா வம்பு பண்ணுச்சு?"

"நான் பொருளைத்தான் எழுதறேன். ஆளை எழுதல."

"பொருள் மேல யாராச்சும் இவ்ளோ கோவப்படுவாங்களா? நம்ம மிக்சி மூணு வாட்டி புகைஞ்சுது. அத ஒரு வார்த்த நீ சொல்லல."

மிக்சிக்கு எவரும் பட்டம் கொடுக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

வரவேற்பு பெரிது. 'வெளுத்து வாங்கிட்டீங்கம்மா' என்று நாற்பது பேர். 'இனி பெரம்பூர் பக்கமே போக மாட்டோம்' என்று சிலர்.

சேலத்திலிருந்து ஒருவர், 'திருகும் முன் வெந்நீரில் போட்டீர்களா?' என்று வினவியிருந்தார். அவரைத் தடைசெய்தேன். என் பக்கத்தில் எனக்கே பாடம் நடத்த வருபவருக்கு அங்கே இடமில்லை.

அக்டோபர் 9, புதன்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் சேசுராஜ் என்பவர் குரற்செய்தி அனுப்பியிருந்தார். என் பக்கத்தை ஆறாண்டுகளாகப் படிப்பவர்.

"அம்மா, வணக்கம். நீங்க எழுதுனத வாசிச்சேன், மனசே கேக்கல. எட்டு மாசம் காத்துக் கெடந்து வாங்குன பிள்ளைம்மா அது. நம்ம பிள்ளைக்கு அப்பிடில்லாம் இருக்காதுன்னு எடுத்துத் திருகிப் பாத்தேன். டப்புன்னு போச்சு. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. எம்பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கா. சிரிக்கட்டும். ஒங்க கண்ணு யாருக்கு வரும், சொல்லுங்க?"

'தங்கள் சான்று என் மதிப்புரைக்கு வலுச்சேர்க்கிறது' என்று பதில் அனுப்பினேன்.

முறிந்த மணிக்கட்டின் படமும் அனுப்பியிருந்தார். முறிவு வெள்ளையாகத் தெரிந்தது. கைபேசிப் படங்களில் நிறம் நம்பத்தக்கதன்று.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. உருப்பெருக்கி, அளவுகோல், பிசிர்க்கத்தி ஆகியவற்றைத் துடைத்துச் சந்தனமிட்டுப் பலகையில் அடுக்கினேன். என் கணவர் தம் அளவுக்கருவியைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் சும்மா இராமல், மேசையில் கிடந்த முறிந்த கையை எடுத்துச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.

"இது திருகுனதுல போனது."

"இரும்பு வேற, பிளாஸ்டிக் வேற."

"எல்லாம் ஒண்ணுதான் சுந்தரி. போல்ட்டு தானா அறுந்தா ஒரு மாதிரி இருக்கும், முரட்டுத்தனமா முறுக்கி அறுத்தா ஒரு மாதிரி இருக்கும். இங்க பாரு, சுழி போட்டுக்கிது."

"பூசையில பொரி வைக்கணும். கைய எடுங்க."

"எந்தக் கைய?" என்றார்.

நாள் முழுவதும் அவரோடு பேசவில்லை. பொரியில் கடலை குறைவு.

அக்டோபர் 13, ஞாயிறு

இதுவரை என் கருத்தை உறுதிசெய்து படம் அனுப்பியோர்: தூத்துக்குடி, ஈரோடு, நாகர்கோவில், தாம்பரம் (இருவர்), கரூர், புதுச்சேரி, ஓசூர், மறுபடியும் ஈரோடு. ஆக ஒன்பது கைகள். ஒவ்வொருவரும் முதலில் எனக்கு நன்றி கூறுகிறார்கள்.

ரெபேக்காவின் பட்டறை அடுத்த உருவத்துக்கான முன்பதிவை நிறுத்திவைத்திருப்பதாக அறிவித்திருக்கிறது. மகிழ்ச்சியடைய வேண்டிய செய்தி. அடைந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

பிற்பகல் மூன்றரைக்குத் தொலைபேசி.

"திரிபுரசுந்தரி மேடம்தானே? நான் ரெபேக்கா பேசறேன்."

"எந்த ரெபேக்கா?"

"கைய ஒடிச்சீங்களே, அந்த ரெபேக்கா."

இத்தகைய தொடக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் கருத்தில் மாற்றமில்லை என்றேன்.

"கருத்த நீங்களே வெச்சுக்குங்க. பெட்டியில ஒரு பேப்பர் இருந்துச்சே, அத படிச்சீங்களா?"

"மதிப்புரைக்கு முன்னாடி நான் படிக்கறதில்ல. அது என் வழக்கம்."

"சரி. பின்னாடி?"

விடையளிக்கும் கட்டாயம் எனக்கில்லை.

"மொத வரியே செகப்புல போட்டிருக்கேன் மேடம். வார்னிஷ் மூட்டுக்குள்ள எறங்கிப் பிடிச்சிருக்கும், வெந்நீர்ல மூணு நிமிஷம் வெச்சுட்டு அப்புறமாத் திருப்புங்கன்னு. அது எங்க கத்துக்கிட்டேன் தெரியுமா? உங்க பக்கத்துலதான். மூணு வருஷம் முன்னாடி ஊருக்கே சொல்லிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

நினைவிருந்தது. அதற்கு நான் வேறு பதில் சொன்னேன்.

"அந்தப் பிடி என்னோடது."

"எது?"

"கத்திப் பிடி. நான் அனுப்புன களிமண்ல இருந்தது. அதைத் திருடித்தான் இந்தக் கைய வடிச்சிருக்கே."

அவள் சிரித்தாள். இனிய சிரிப்பன்று.

"எங்கம்மா பாடியில ஒரு கம்பெனில பதினாறு வருஷம் பிசிர் வெட்டுனாங்க மேடம். சோத்துல கரண்டிய போட்டாக்கூட அப்படித்தான் பிடிப்பாங்க, சுண்டுவிரல நீட்டிக்கிட்டு. உங்க களிமண்ணப் பாத்தப்போ எங்கம்மா கைய யாரோ செஞ்சு அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். அதனாலதான் நல்லாருக்குன்னு எழுதுனேன். அந்தப் பிடி உங்க ஒருத்தருக்குத்தான் சொந்தமா? தொழிற்பேட்டையவே பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?"

"மரியாதையாப் பேசு."

"நீங்க எனக்குக் குடுத்த அதே மரியாததான். கேளுங்க, எங்கிட்ட நீங்க மன்னிப்பு கேக்க வேணாம். எனக்கு வேலையிருக்கு. திருகிப் பாருங்கன்னு சொன்னீங்கள்ல, அத மட்டும் எடுங்க. தெனம் ஒரு கை ஒடியுது. இருநூறோட அச்ச ஒடைச்சிட்டேன். உபரியா ஆறு கை வெச்சிருந்தேன், குடுத்தாச்சு. இனிமே போனா போனதுதான்."

வரையறுத்த எண்ணிக்கையில் வார்ப்பவர்கள், பின்னர் ஒன்றுகூட வார்க்கவில்லை என்பதற்குச் சான்றாக அச்சை வாங்கியோர் கண்முன் உடைப்பது எங்கள் உலகத்து வழக்கம். உடைக்காதவர்களைக் கடிந்து நானே இருமுறை எழுதியிருக்கிறேன்.

தொடர்பைத் துண்டித்தது நான்தான் என்பதைப் பதிவுசெய்கிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. தெருவில் கணுக்காலளவு நீர். மின்சாரம் இல்லை. விருதுநகரிலிருந்து இன்னொரு கை.

அக்டோபர் 16, புதன்

மின்சாரம் காலை ஏழு மணிக்கு வந்தது. விளக்கை நேராக வைத்து, முறிந்த கையை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன்.

தொழிற்சாலையில் கழிவுச்சீட்டு எழுதும் முறையிலேயே எழுதுகிறேன்.

சரக்கு: வலது மணிக்கட்டு, எண் 41. முறிவு: பால்வெளுப்பு, வலஞ்சுழியாக. ஓட்டை, குமிழி, கலப்படம்: இல்லை. மூட்டின் உட்குழியில் வார்னிஷ் படலம், உரிந்த நிலையில். காரணம்:

பொருட்குறையால் தானாக முறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கும். இது அப்படி இல்லை. அந்தச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்: பொருட்குறை, அல்லது கையாண்டவர் தவறு. இரண்டாவதை எழுதி எத்தனையோ பெண்களை மேற்பார்வையாளர் முன் நிறுத்தியிருக்கிறேன். அவர்களில் ஒருத்திகூட மறுத்துப் பேசியதில்லை. நான் பேச விட்டதில்லை.

சேசுராஜின் படத்தையும் மற்ற ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்திலும் அதே வெளுப்பு.

பிறகு துண்டுத்தாளைப் பிரித்தேன். சிவப்பு எழுத்து, முதல் வரி. அவள் சொன்னபடியே.

காலை உணவு எவருக்கும் செய்யவில்லை. அவர் வெளியில் சாப்பிட்டுக்கொண்டார்.

அக்டோபர் 17, வியாழன்

சேசுராஜிடமிருந்து செய்தி.

"அம்மா, ஒரு நல்ல சேதி. ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணிக்கு நாங்க முப்பத்தோரு பேரு ஒண்ணா நேரலைல வாரோம். ஆளுக்கொரு உலைநங்கைய வச்சுக்கிட்டு ஒரே நேரத்துல திருகப் போறோம். ஊரு பாக்கட்டும். எனக்குத்தான் ஏற்கெனவே ஒடிஞ்சிட்டே, நான் எண்ணிக்க மட்டும் சொல்லுவேன். எல்லாம் ஒங்க தைரியத்துல."

முப்பத்தொன்று என்பதைப் பலமுறை படித்தேன்.

எவரையும் அழைக்கவில்லை. என் மதிப்புரைக்கு நானே மறுப்பு ஒன்று எழுத அமர்ந்தேன். பிளாஸ்டிக் வார்ப்பின் வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை.

அக்டோபர் 18, வெள்ளி

ஒன்பது பக்கங்கள். அடுப்பில் பருப்பு தீய்ந்தது.

என் கணவர் பக்கங்களைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு புரட்டினார்.

"நீ கைய ஒடிச்சது எந்தப் பக்கத்துல வருது?"

"ஏழுல."

"அதுக்குள்ள இன்னும் நாலு கை போயிரும்."

"படிக்கத் தெரியாதவங்க பேச்சை நான் கேக்கறதில்ல."

"எனக்குப் படிக்கத் தெரியும். ஆறு பக்கம் படிச்சுட்டேன். 'இவண் கருதத்தக்கது', 'ஒருவாறு துணியலாம்', அது இதுன்னு போவுது. ஒடிச்சது யாருன்னே தெரியல. யாரோ வழில போறவன் ஒடிச்ச மாதிரி இருக்குது."

தாள்களை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஆறாம் பக்கம் கிழிந்தது. அவர் பட்டறைக்குக் கிளம்பிப் போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டதைத் தெருமுனையில்தான் கவனித்தார் போலும். சரியாக மாட்டிக்கொள்ளத் திரும்பி வரவில்லை.

அக்டோபர் 19, சனி

நான்கு பக்கங்கள்.

பிற்பகல்: இரண்டு.

மாலை: துண்டுத்தாளைப் படிக்காதது என் நெறி என்று விளக்கும் பத்தியை மூன்று முறை நீக்கி மூன்று முறை சேர்த்தேன். களிமண் மாதிரியைப் பற்றிய பத்தியை ஒருமுறைதான் எழுதினேன். அதில், வேலை கேட்டேன், கிடைக்கவில்லை, சினத்தில் திருகினேன் என்று இருந்தது. அது பொதுமக்களுக்குத் தேவையற்றது என முடிவு செய்து நீக்கினேன். இங்கே இருக்கட்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு, பழைய மதிப்புரையின் மேலேயே இதை வெளியிட்டேன். உருப்பெருக்கியில் எடுத்த படமும் உடன் இணைத்தேன்.

'உலைநங்கையின் மணிக்கட்டில் குறை இல்லை. வெந்நீரில் இடாமல் நான் திருகியதால் முறிந்தது. துண்டுத்தாளில் எச்சரிக்கை இருந்தது, நான் படிக்கவில்லை. உங்களையும் திருகச் சொன்னேன். திருகாதீர்கள். மாற்றுக் கைகள் இல்லை.'

ஒன்பதரைக்குள் நூற்றுக்கு மேல் பதில்கள். 'எவ்ளோ வாங்குனீங்க?' என்றார் ஒருவர். 'கெழவிக்குக் கண்ணு போச்சு, கண்ணாடி எதுக்கு?' என்றார் இன்னொருவர். முன்பு வெளுத்து வாங்கியதாகப் பாராட்டிய நாற்பது பேரில் இருபது பேரையேனும் பெயரால் அடையாளம் கண்டேன். என் கணவர் தோளுக்கு மேலாக நின்று படித்தார்.

"இவனுக்கு நான் ஒரு பதில் போடட்டுமா? நல்லா நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி?"

"வேணாங்க."

"இந்தக் கெழவிங்கறவனுக்கு மட்டும்?"

"அவனுக்கும் வேணாம்."

ரெபேக்காவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. சேலத்துக்காரரின் தடையை நீக்கினேன். 'வெந்நீர்' என்று மட்டும் எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார். மறுபடியும் தடைசெய்ய விரல் துடித்தது. செய்யவில்லை.

பதினொரு மணிக்கு அந்த நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். கறுப்புத் திரை. பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. எவரும் வரவில்லை.

பதினொன்று இருபதுக்குச் சேசுராஜ் எழுதியிருந்தார். இம்முறை குரற்செய்தி இல்லை, 'அம்மா' இல்லை, வணக்கமும் இல்லை.

'அப்பொ எம்பிள்ளைக்குக் கை போனது ஒங்களாலயா?'

'மதிப்பிற்குரிய திரு சேசுராஜ் அவர்களுக்கு, தாங்கள் குறிப்பிடும் நிகழ்வின் சூழலைக் கருதுமிடத்து' என்று தொடங்கினேன். எழுதியதையெல்லாம் அழித்தேன்.

'ஆமாப்பா, என்னாலதான்' என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. இப்போது மணி நான்கரை. அவர் இன்னும் எதுவும் எழுதவில்லை.